டிக் பெட்டியும் ஐந்து வாக்கியக் கடிதமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

செவிலியர் படிப்பின் இறுதியாண்டு மாணவி ஒருவர், திருத்தப்பட்டுத் திரும்பி வந்த தன் கட்டுரையோடு, நூலகத்தில் நான் இருக்கும் உதவி மேசைக்கு வந்தார். நாள்பட்ட வலிக்காக வீட்டிலிருந்தபடி ஓபியாய்டு என்ற அபின் வகை வலி மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் செவிலியர் என்னென்ன சொல்லித்தர வேண்டும் என்பது தலைப்பு. கட்டுரை மோசமில்லை. ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தின் கீழே சிவப்புக் கோடு இழுத்து, ஓரத்தில் ஆசிரியர் ஒரே வரி எழுதியிருந்தார்: "இதை நீங்கள் படித்தீர்களா?"

கோடு விழுந்த வாக்கியம் இது: "ஓபியாய்டு எடுத்துக்கொள்பவர்களில் 1 சதவீதத்துக்கும் குறைவானவர்களே அதற்கு அடிமையாகிறார்கள் என்பதை 11,882 நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு நிறுவியுள்ளது." கொடுத்திருந்த மேற்கோள்: போர்ட்டர், ஜிக், 1980, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்.

"பியர் ரிவ்யூட் பெட்டியில டிக் போட்டுத்தான் சார் எடுத்தேன்" என்றார். குரலில் கொஞ்சம் கோபம். நியாயமான கோபம்தான். நூலகத் தேடுபக்கத்தில் இருக்கும் அந்தப் பெட்டியில் டிக் போடச் சொல்லித்தந்ததே நான். முதலாண்டு மாணவர்களுக்கு நடத்தும் ஒரு மணி நேர அறிமுக வகுப்பில், "இதைத் தட்டினால் சக மதிப்பாய்வு செய்த கட்டுரைகள் மட்டும் மிஞ்சும்" என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன். அதாவது, வெளியாகும் முன் அதே துறையைச் சேர்ந்தவர்கள் படித்து மதிப்பிட்டவை. அது முழு உண்மை இல்லை என்று தெரிந்தேதான் சொன்னேன். வகுப்பில் நேரம் போதாது என்பது என் சமாதானம்.

எப்படிக் கைக்கு வந்தது

அவர் தேடிய வழியை முதலில் கேட்டுக் குறித்துக்கொண்டேன். வலி மேலாண்மை பற்றிய ஒரு பழைய மீள்பார்வைக் கட்டுரையில் இந்தத் தகவலைப் பார்த்திருக்கிறார். கீழே இருந்த மேற்கோளை எடுத்து, எல்லாத் தரவுத்தளங்களையும் ஒரே பெட்டியில் தேடும் நூலகத் தேடுபக்கத்தில் போட்டிருக்கிறார். டிக் போட்ட பிறகும் அது பட்டியலில் நின்றது. ஆய்வுச் சுருக்கம் இல்லை. ஆனால் தலைப்பே முடிவைச் சொல்லிவிட்டது: நார்கோடிக் (ஓபியாய்டுக்கு அன்று வழங்கிய பெயர்) மருந்தால் சிகிச்சை பெறும் நோயாளிகளிடம் அடிமைத்தனம் அரிது. இதழோ உலகின் பெரிய மருத்துவ இதழ்களில் ஒன்று. இத்தனையும் சேர்ந்து வரும்போது யார்தான் திறந்து பார்ப்பார்கள்?

சரி, திறந்து பார்ப்போம் என்று இருவருமாகத் திறந்தோம். பக்கம் 123. அதில் ஒரு மூலையில், மற்றக் கடிதங்களுக்கு நடுவே, ஒரே ஒரு பத்தி. எண்ணிப் பார்த்தால் ஐந்து வாக்கியம்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மீதி எங்க சார்?"

மீதி கிடையாது. அது ஆசிரியருக்கு வந்த கடிதம். பாஸ்டனில் ஒரு குழு, மருத்துவமனையில் சேர்ந்திருக்கும் நோயாளிகளுக்குக் கொடுக்கும் மருந்துகளையும் அவற்றால் வரும் விளைவுகளையும் தொடர்ந்து பதிந்து வந்தது. அந்தக் கோப்புகளில் இருந்த 39,946 பேரில் 11,882 பேருக்கு நார்கோடிக் வகை மருந்து ஒரு தடவையாவது கொடுக்கப்பட்டிருந்தது. அவர்களில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களிடையே, ஓரளவு நன்றாகப் பதிவான அடிமைத்தனம் நான்கு பேரிடம் மட்டுமே இருந்தது. கடிதம் சொல்வது இவ்வளவுதான், இதில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் "ஒரு தடவையாவது" என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு இரவில் ஒரே ஒரு ஊசி போட்டுக்கொண்டவரும் அந்த 11,882இல் ஒருவர். அளவு என்ன, எத்தனை நாள், வீட்டுக்குப் போனபின் யாராவது விசாரித்தார்களா, அடிமைத்தனம் என்று எதை வைத்து முடிவு கட்டினார்கள் என்று எதுவுமே கடிதத்தில் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவர்களைப் பற்றிய சின்னக் கவனிப்பு அது. மாணவியின் கட்டுரையோ, மாதக்கணக்கில் வீட்டில் மாத்திரை சாப்பிடுபவர்களைப் பற்றியது.

டிக் எதன் மேல் விழுகிறது

எப்ஸ்கோ, புரோக்வெஸ்ட் போன்ற கட்டுரைத் தேடல் தளங்களில் இருக்கும் அந்தப் பெட்டி இதழைத்தான் பார்க்கிறது, கட்டுரையைப் பார்ப்பதில்லை. ஓர் இதழ் தனக்கு வரும் ஆய்வுக் கட்டுரைகளை மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பும் வழக்கம் உடையது என்றால், அந்த இதழில் வந்த எல்லாவற்றுக்கும் அதே முத்திரை ஒட்டிக்கொள்கிறது. தலையங்கம், நூல் மதிப்புரை, இரங்கல் குறிப்பு, வாசகர் கடிதம் எதுவும் விலக்கில்லை. சில தளங்கள் இவற்றை வடிகட்டப் பார்க்கின்றன. ஆனால் முழுமையாக முடிவதில்லை.

அந்த முத்திரை காலத்திலும் பின்னோக்கிப் போகும். நேச்சர் இதழ் வெளி மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது 1973இல்தான். 1953இல் அதில் வந்த டிஎன்ஏ இரட்டைச் சுருள் கட்டுரை எந்த மதிப்பீட்டாளரிடமும் போகவில்லை. இன்றைய தேடுபக்கத்தில் அதுவும் சக மதிப்பாய்வு பெற்றதாகவே நிற்கக்கூடும். அந்தக் கட்டுரைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை என்பது வேறு விஷயம்.

நூலகர்களிடம் உல்ரிச் என்று ஓர் இதழ்க் கையேடு உண்டு. மதிப்பாய்வு செய்யும் இதழ்களின் பெயர் பக்கத்தில், விளையாட்டு நடுவர் போடும் கறுப்பு வெள்ளைக் கோட்டுச் சட்டையின் படம் சின்னதாக இருக்கும். அழகான குறியீடு, ஆனால் அதுவும் இதழுக்குத்தான். மைதானத்தில் நடுவர் உண்டு என்று அந்தச் சட்டை சொல்லும். இந்தக் குறிப்பிட்ட பந்தை அவர் பார்த்தாரா என்று சொல்லாது.

மதிப்பீட்டாளர் என்ன செய்கிறார்

மாணவி அடுத்துக் கேட்ட கேள்வி இன்னும் நல்லது. "அப்ப நிஜமாவே மதிப்பாய்வு ஆன கட்டுரைன்னா, நம்பலாமா சார்?"

கட்டுரை வந்ததும் முதலில் இதழாசிரியர் பார்ப்பார். இதழின் பொருளுக்கு ஒத்துவராதவை, மேலோட்டமாகவே பலவீனமானவை அங்கேயே திரும்பிவிடும். மிஞ்சியதை அதே துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புவார். பெரும்பாலும் கூலி இல்லாத வேலை. எழுதியவர் பெயர் மதிப்பீட்டாளருக்குத் தெரியும், மதிப்பீட்டாளர் பெயர் எழுதியவருக்குத் தெரியாது என்பது ஒரு முறை. இருவருக்குமே தெரியாது என்பது இன்னொன்று. எல்லாவற்றையும் திறந்தே வைக்கும் இதழ்களும் உண்டு. முறை பொருத்தமா, கணக்கு சரியா, கிடைத்த தரவு இந்த முடிவைத் தாங்குமா, முன்பு வந்த வேலைகளைச் சொல்லியிருக்கிறார்களா என்று கேள்விகள் எழுதி அனுப்புவார்கள். திருத்தச் சொல்வார்கள், நிராகரிக்கச் சொல்வார்கள். வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகும். நேராக "அப்படியே போடலாம்" என்று பதில் வருவது அபூர்வம்.

அவர்கள் செய்யாதது எது என்பதைத்தான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். சோதனையை அவர்கள் திரும்பச் செய்து பார்ப்பதில்லை. பெரும்பாலும் மூலத் தரவைத் தொடுவதுகூட இல்லை. தாளில் எழுதியிருப்பதை நம்பித்தான் படிக்கிறார்கள். 2020 மே மாதம் லான்செட் மருத்துவ இதழில், 671 மருத்துவமனைகளில் இருந்து சுமார் 96,000 கோவிட் நோயாளிகளின் தரவு என்று சொல்லி, ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து பற்றி ஒரு கட்டுரை வந்தது. மதிப்பாய்வைத் தாண்டி வந்ததுதான். தரவைக் காட்டுங்கள் என்று வெளியிலிருந்து கேள்வி எழுந்தபோது, தணிக்கைக்குத் தரவு கிடைக்கவில்லை. இரண்டு வாரத்துக்குள் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

ஆக, நிஜமாகவே மதிப்பாய்வு ஆன கட்டுரை என்றால் நான்கு கண்களாவது படித்து மல்லுக்கட்டியிருக்கின்றன என்று பொருள். அது சாதாரண விஷயமில்லை. ஆனால் நம் வேலையை அது எடுத்துக்கொள்வதில்லை.

608 தடவை

அந்தக் கடிதம் அதன் பிறகு எங்கெல்லாம் போனது என்று பார்க்க, மேற்கோள் வழியே முன்னோக்கிப் போனோம். ஒரு கட்டுரையின் அடியில் இருக்கும் பட்டியல் நம்மைப் பின்னால் கூட்டிப்போகும். கூகுள் ஸ்காலர், வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோபஸ் ஆகியவற்றில் உள்ள "இதை மேற்கோள் காட்டியவை" என்ற இணைப்பு முன்னால் கூட்டிப்போகும். மாணவர்கள் இதை அதிகம் தட்டுவதில்லை. நான் கேட்டால், தேடலில் உள்ள மிகப் பயனுள்ள பொத்தான் அதுதான் என்பேன்.

தட்டினோம். நூற்றுக்கணக்கில் வந்தன. நடுவில், 2017 ஜூனில் அதே நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்த ஒன்று தென்பட்டது. கனடா ஆய்வாளர்கள் சிலர் இந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 எழுத்துகளைத் தேடியெடுத்து ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறார்கள். 439 பேர், அதாவது 72.2 சதவீதம், அடிமைத்தனம் அரிது என்பதற்குச் சான்றாக இதைக் காட்டியிருந்தார்கள். 491 பேர், 80.8 சதவீதம், அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே சொல்லவில்லை. அதே காலத்தில் அதே இதழில் வந்த மற்றக் கடிதங்களோ, இடைநிலையாக 11 தடவைதான் மேற்கோளாகியிருந்தன. ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை 1990களின் நடுவில் அறிமுகமான பிறகு இந்தக் கடிதத்துக்கான மேற்கோள்கள் கூடியிருந்தன. அடிமையாக்கும் தன்மை குறைவு என்று தவறாகச் சொல்லி அதை விற்றதற்காக, 2007இல் அமெரிக்க நீதிமன்றத்தில் பர்டியூ ஃபிரெடரிக் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

கடிதம் எழுதியவர்களில் ஒருவரான ஹெர்ஷல் ஜிக், தன் கடிதத்தை மருந்து நிறுவனங்கள் பயன்படுத்திக்கொண்ட விதத்துக்காகக் கூசிப்போவதாகப் பின்னாளில் செய்தியாளர்களிடம் சொன்னார். இணையத்தில் அந்தக் கடிதத்தோடு இப்போது இதழாசிரியரின் எச்சரிக்கைக் குறிப்பு இருக்கிறது. சீர்தூக்கிப் பார்க்காமல் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட கடிதம் இது என்பதை வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும் என்கிறது. மாணவி அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால் போதும், பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும். 608 பேரில் பலரும் திறக்கவில்லை என்பது அவருக்குக் கொஞ்சம் ஆறுதல் தந்தது போலிருந்தது.

மறுபடி தேடியது

சரி, கடிதத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் எதை வைப்பது? அவர் முதலில் கேள்வியை முழு வாக்கியமாகவே பெட்டிக்குள் தட்டினார். எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறோம். அதை நிறுத்தச் சொல்லி, ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டேன். மருந்து, நோயாளி, விளைவு.

மருந்துக் கட்டத்திலேயே சிக்கல். 1980இல் நார்கோடிக் என்றார்கள், இப்போது ஓபியாய்டு என்கிறார்கள். ஒன்றை மட்டும் தேடினால் இன்னொரு காலம் முழுவதும் விட்டுப்போகும். விளைவுக் கட்டம் இன்னும் மோசம். அடிமைத்தனம், சார்பு, துஷ்பிரயோகம் என்று பல சொற்கள். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநோய் வகைப்பாட்டு நூல் சார்பையும் துஷ்பிரயோகத்தையும் ஒன்றாக்கி "பயன்பாட்டுக் கோளாறு" என்று மாற்றிவிட்டது. இதற்காகத்தான் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் மெஷ் என்ற பொருள்தலைப்பு அகராதி இருக்கிறது. எழுதியவர் எந்தச் சொல்லைப் போட்டிருந்தாலும், கட்டுரை எதைப் பற்றியதோ அதற்குரிய ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடும். அதையும் சாதாரணச் சொற்களையும் சேர்த்தே போட்டோம். ஒரே கட்டத்தில் உள்ள சொற்களுக்கு நடுவே ஆர் (ஏதாவது ஒன்று இருந்தால் போதும்), கட்டங்களுக்கு நடுவே ஆண்ட் (எல்லாக் கட்டமும் இருக்க வேண்டும்). "அடிக்ட்" என்ற வேருக்குப் பின் நட்சத்திரக்குறி இட்டால் அடிக்ஷன், அடிக்டட், அடிக்டிவ் எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

புற்றுநோய் வலி தன் தலைப்பில் இல்லை என்பதால், "நாட் கேன்சர் போட்டுடலாமா?" என்று கேட்டார். கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும் யோசனை. நானும் ஒருகாலத்தில் செய்ததுதான். இந்தத் துறையில் அவருக்கு வேண்டிய கட்டுரைகளின் பெயரே "புற்றுநோய் அல்லாத நாள்பட்ட வலி". அந்தப் பெயருக்குள் கேன்சர் என்ற சொல் இருக்கிறதே. நாட் போட்டால் அந்தச் சொல் உள்ளதெல்லாம் விலகிவிடும், முதலில் போவது அவைதான். போட்டுக் காட்டினேன். பட்டியல் சுருங்கியதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

பப்மெட்டில் சக மதிப்பாய்வுப் பெட்டி என்று ஒன்று கிடையாது. அது ஒரு குறை என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அங்கே இருப்பது பதிப்பு வகை: கடிதம், தலையங்கம், மருத்துவச் சோதனை, முறையான மீளாய்வு (ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளைத் தேடித் தொகுப்பது). போர்ட்டர், ஜிக் பதிவில் "கடிதம்" என்றே குறித்திருக்கிறது. செவிலியர்களுக்கான சினால் தரவுத்தளத்திலும் சக மதிப்பாய்வுப் பெட்டிக்குப் பக்கத்தில் "ஆய்வுக் கட்டுரை" என்று தனிப் பெட்டி உண்டு. இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும் என்று வகுப்பில் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதுமாயிருந்திருக்கும்.

முறையான மீளாய்வு என்ற வகையை வைத்துச் சுருக்கியபோது கைக்கு அடக்கமான பட்டியல் கிடைத்தது. அதிலிருந்து இரண்டை எடுத்தோம். இரண்டும் முறையாக மதிப்பாய்வு ஆனவை. ஒன்று 2010இல், மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு. 26 ஆய்வுகளைத் தொகுத்தது. அடிமைத்தன அறிகுறிகள் 0.27 சதவீதம் என்றது. மற்றது 2015இல் பெயின் என்ற வலி ஆய்விதழில் வந்தது. 38 ஆய்வுகளைத் தொகுத்து, நாள்பட்ட வலிக்காக ஓபியாய்டு எடுப்பவர்களில் சராசரியாக 8 முதல் 12 சதவீதம் பேரிடம் அடிமைத்தனம் என்றது.

மாணவி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதுல எது சார் சரி?"

இங்கேதான் அரை மணி நேரம் போனது. சுருக்கத்தை விட்டுவிட்டு, இரண்டிலும் முறையியல் பகுதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். காக்ரேன் மீளாய்வு வேறு கேள்வியோடு புறப்பட்டது. நீண்ட நாள் கொடுத்தால் வலி குறைகிறதா, பாதுகாப்பானதா என்பது அதன் கவலை. அது சேர்த்த 26இல் 25 ஆய்வுகள் ஒப்பீட்டுக் குழு இல்லாதவை. அடிமைத்தனத்தைப் பற்றி ஏதாவது எழுதியிருந்த ஆய்வுகளில் இருந்து மட்டும் எடுத்த எண் அந்த 0.27. பெயின் இதழ் மீளாய்வோ துஷ்பிரயோகத்தையும் அடிமைத்தனத்தையும் அளப்பதற்கென்றே இறங்கியது. தேடாதவருக்குக் குறைவாகவும் தேடியவருக்கு அதிகமாகவும் கிடைத்திருப்பதில் ஆச்சரியமில்லை. பெயின் மீளாய்விலும், தனித்தனி ஆய்வுகளுக்கு நடுவே எண்கள் பெரிதாக வேறுபட்டன. எதை அடிமைத்தனம் என்று வரையறுத்தார்கள் என்பதைப் பொறுத்து எண் ஏறியது, இறங்கியது.

முழுக் கட்டுரை கிடைப்பதில் பெரிய கதை ஒன்றுமில்லை. ஒன்று நூலகச் சந்தாவில் இருந்தது, இன்னொன்றை நூலகங்களுக்கிடையே இரவல் கேட்டு வாங்கினோம். மறுநாளே வந்தது. காசு கேட்கும் பக்கம் வந்தால் உடனே கார்டை எடுக்க வேண்டாம், முதலில் மேசைக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாவது வரைவில் அந்த ஒரு வாக்கியம் ஒரு பத்தியாகியிருந்தது. இரண்டு எண்களும் இருந்தன, ஏன் வேறுபடுகின்றன என்பதும் இருந்தது. 1980 கடிதத்தையும் அவர் நீக்கவில்லை. ஒரு தகவல் எப்படி உருமாறிப் பரவியது என்பதற்கு உதாரணமாக, 2017 எழுத்தைச் சான்று காட்டி வைத்திருந்தார்.

சமர்ப்பிக்கும் முன் மறுபடி வந்தார். 2017 எழுத்தின் பதிவைத் திரையில் காட்டி, பதிப்பு வகையின் மேல் விரல் வைத்தார். கடிதம் என்று இருந்தது.

"இதுவும் கடிதம்தான் சார். இதையும் எடுத்துடணுமா?"

கேள்வியைக் கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அதோடு இணைந்திருந்த துணை ஆவணத்தை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தார். 608ஐ எப்படித் திரட்டினார்கள், இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து எப்படி வகைப்படுத்தினார்கள் என்ற இடங்களில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. "எப்படி எண்ணினாங்கன்னு இதுல போட்டிருக்கு. அதனால வச்சுக்கறேன்" என்றார்.